மார்ச் வெயிலும் மாவட் மழையும்: ராஜஸ்தான் கோதுமையின் விளைச்சலைத் தீர்மானிப்பது எது?

ஜெய்ப்பூர்: வட இந்தியாவில் பிப்ரவரி மாதம் பிற்பாதியை எட்டும்போது, கோதுமை விவசாயிகளின் கவனம் வானிலை அறிக்கையின் மீது திரும்புகிறது. கதிரில் பால் பிடித்து மணி திரளும் அந்த ஒரு மாத காலத்தில் வீசும் வெப்பக்காற்று, அதற்கு முந்தைய மூன்று மாத உழைப்பின் பலனைக் குறைத்துவிடக் கூடும். 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அதுவே நிகழ்ந்தது. நாட்டின் கோதுமை உற்பத்தி மதிப்பீடு குறைக்கப்பட்டதுடன், ஏற்றுமதிக்கும் மத்திய அரசு தடை விதிக்க நேர்ந்தது.

வெப்பநிலையும் மழையும் கோதுமையை எவ்வாறு பாதிக்கின்றன என்பதை அறிய, மேற்கு ராஜஸ்தானைக் காட்டிலும் பொருத்தமான இடம் அரிது. தார் பாலைவனத்தின் ஓரத்தில் அமைந்துள்ள ஸ்ரீகங்காநகர், ஹனுமன்கர் மாவட்டங்கள் மாநிலத்தின் தானியக் களஞ்சியம் என்று அழைக்கப்படுகின்றன. கோடையில் 45 டிகிரி செல்சியஸைக் கடக்கும் வெப்பமும், ஜனவரி இரவுகளில் பூஜ்ஜியத்தை நெருங்கும் குளிரும் இப்பகுதிக்குப் புதியவை அல்ல. இவ்விரு எல்லைகளுக்கும் இடையே கிடைக்கும் சில மாத மிதமான குளிர்காலமே கோதுமைக்கு உரிய காலம்.

குளிர் ஏன் தேவை?

கோதுமை ரபி பருவப் பயிர். நவம்பரில் விதைக்கப்பட்டு, மார்ச் இறுதி முதல் ஏப்ரல் வரை அறுவடை செய்யப்படுகிறது. விதை முளைப்பதற்கு 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை ஏற்றது. அதன் பின்னர் தூர் கட்டும் பருவத்தில் அதைவிடக் குளிர்ந்த சூழல் தேவைப்படுகிறது. குளிர் நீடிக்கும் வரை பயிர் நிதானமாக வளர்ந்து, பக்கத் தூர்களை அதிகமாக விடும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் இயல்பைவிட வெப்பம் கூடினால், போதிய தூர்கள் வருவதற்கு முன்னரே பயிர் தண்டு நீட்டிக் கதிர்விடத் தொடங்கிவிடும்.

ஒரு வயலின் மகசூல் மூன்று கூறுகளைச் சார்ந்தது: கதிர்களின் எண்ணிக்கை, ஒரு கதிரில் உள்ள மணிகளின் எண்ணிக்கை, ஒரு மணியின் எடை. இம்மூன்றும் ஒரே நேரத்தில் முடிவாவதில்லை. கதிர்களின் எண்ணிக்கை டிசம்பர், ஜனவரி மாதங்களிலும், மணிகளின் எண்ணிக்கை கதிர்விட்டுப் பூக்கும் பிப்ரவரியிலும், மணியின் எடை பிப்ரவரி இறுதியிலிருந்து மார்ச் வரையிலும் உருப்பெறுகின்றன. ஆகவே எந்த மாதத்தில் வெப்பம் உயர்கிறது என்பதைப் பொறுத்தே சேதத்தின் தன்மை அமைகிறது.

தொடக்கத்தில் ஏற்படும் குறையைப் பயிர் ஓரளவு ஈடுசெய்து கொள்ளும். தூர்கள் குறைந்தால் கதிர்கள் பெரிதாக வளர வாய்ப்புண்டு. ஆனால் மணி திரளும் பருவத்தில் ஏற்படும் இழப்பை ஈடுசெய்ய அதற்குப் பின் வேறு பருவம் இல்லை. மார்ச் மாத வெப்பத்தை விவசாயிகள் அஞ்சுவதற்கு இதுவே காரணம்.

மணி சுருங்குவது எப்படி?

பூத்து முடிந்த பின்னர், இலைகளில் உருவாகும் சர்க்கரை கதிரை நோக்கிச் சென்று, மணிக்குள் மாவுச்சத்தாகச் சேர்கிறது. மிதமான வெப்பநிலையில் இப்பணி ஏறத்தாழ ஐந்து, ஆறு வாரங்கள் நடைபெறும். பகல் வெப்பநிலை 30 டிகிரியைக் கடந்து தொடர்ச்சியாக உயர்ந்து நின்றால், மாவுச்சத்தை உருவாக்கும் நொதிகளின் செயல்பாடு தளர்கிறது. இலைகளும் உரிய காலத்திற்கு முன்பே பழுத்துவிடுகின்றன. மணி திரள்வதற்குக் கிடைக்கும் நாட்கள் குறைகின்றன. இரவும் வெப்பமாக இருந்தால், பகலில் சேமித்த சத்தின் ஒரு பகுதியைப் பயிர் சுவாசத்திலேயே செலவிட்டுவிடும்.

இதன் விளைவு வெளிப்பார்வைக்கு உடனே தெரிவதில்லை. பயிர் பொன்னிறமாகவே நிற்கும். கதிரும் நிறைந்தே காணப்படும். கதிரடித்துத் தூற்றிய பின்னரே மணிகள் மெலிந்து சுருங்கியிருப்பது புலப்படும். எடுத்துக்காட்டாக, ஆயிரம் மணிகளின் எடை 40 கிராமுக்குப் பதிலாக 34 கிராமாகக் குறைந்தால், மணிகளின் எண்ணிக்கை மாறாதிருந்தாலும் மகசூல் 15 விழுக்காடு சரியும். ஹெக்டேருக்கு 40 குவிண்டால் எதிர்பார்த்த விவசாயிக்கு 6 குவிண்டால் குறையும். 2022ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஆதரவு விலையான குவிண்டாலுக்கு ரூ.2,015 என்ற கணக்கில், இது ஹெக்டேருக்கு ரூ.12,090 இழப்பாகும். உழவு, விதை, உரம், தண்ணீர் ஆகியவற்றுக்கான செலவு முழுவதும் முடிந்த பிறகு வரும் இழப்பு என்பதால், இது பெரும்பாலும் விவசாயியின் லாபத்திலிருந்தே கழிகிறது.

உலக அளவிலும் இப்போக்கு உறுதி செய்யப்பட்டுள்ளது. சராசரி வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயரும்போது உலகக் கோதுமை உற்பத்தி ஏறத்தாழ 6 விழுக்காடு குறையும் என, 2015ஆம் ஆண்டு 'நேச்சர் கிளைமேட் சேஞ்ச்' ஆய்விதழில் வெளியான பன்னாட்டு ஆய்வு மதிப்பிட்டது.

2022 கற்பித்த பாடம்

இந்திய வானிலை ஆய்வு மையத்தின் பதிவுகளின்படி, 2022 மார்ச் மாதத்தில் நாட்டின் சராசரி அதிகபட்ச வெப்பநிலை 33.10 டிகிரி செல்சியஸாக இருந்தது. இது 1901ஆம் ஆண்டுக்குப் பிந்தைய மார்ச் மாதங்களில் மிக உயர்ந்த அளவு. அதே மாதத்தில் நாடு முழுவதும் பெய்த சராசரி மழை 8.9 மில்லிமீட்டர் மட்டுமே. இது இயல்பைவிட 71 விழுக்காடு குறைவு. வெப்பமும் வறட்சியும் ஒருசேரத் தாக்கியதே அவ்வாண்டின் சேதத்தை அதிகமாக்கியது.

2021-22 பருவத்தில் 1,113 லட்சம் டன் கோதுமை விளையும் என முதலில் மதிப்பிடப்பட்டிருந்தது. பின்னர் அது 1,064 லட்சம் டன்னாகக் குறைக்கப்பட்டு, இறுதியில் 1,077 லட்சம் டன் என வரையறுக்கப்பட்டது. உக்ரைன் போரால் வெளிச்சந்தையில் விலை உயர்ந்திருந்த நிலையில், அரசின் கொள்முதல் முந்தைய ஆண்டின் 433 லட்சம் டன்னிலிருந்து சுமார் 188 லட்சம் டன்னாகச் சரிந்தது. மே 13ஆம் தேதி கோதுமை ஏற்றுமதிக்குத் தடை விதிக்கப்பட்டது. இலவச உணவு தானியத் திட்டத்தின் கீழ் சில மாநிலங்களுக்குக் கோதுமைக்குப் பதிலாக அரிசி ஒதுக்கப்பட்டது. பஞ்சாப், ஹரியானாவில் கொள்முதல் செய்யப்படும் கோதுமையில் சுருங்கிய, உடைந்த மணிகளுக்கான வரம்பு 6 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகத் தளர்த்தப்பட்டது.

வயலில் ஒரு மணிக்கு ஏற்பட்ட சில மில்லிகிராம் எடைக்குறைவு, நியாய விலைக் கடை வரையிலும் எவ்வாறு எதிரொலிக்கிறது என்பதற்கு அந்த ஆண்டு சான்றாக அமைந்தது.

மழை குறைந்த மண்ணில் கோதுமை

ஒரு பருவத்தில் கோதுமைக்குப் பொதுவாக 350 முதல் 450 மில்லிமீட்டர் வரை தண்ணீர் தேவைப்படுகிறது. மேற்கு ராஜஸ்தானின் பல பகுதிகளில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையே இந்த அளவை எட்டுவதில்லை. ஜெய்சல்மேரில் ஆண்டு மழை சராசரியாக 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. பெய்யும் சிறிதளவு மழையிலும் பெரும்பகுதி, கோதுமை வயலில் இல்லாத ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான காலத்திலேயே கிடைத்துவிடுகிறது.

இந்த இடைவெளியைக் கால்வாய்களே நிரப்புகின்றன. பிகானீர் மன்னர் கங்கா சிங் காலத்தில், 1927ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கங் கால்வாய், சட்லெஜ் ஆற்றின் நீரை ஸ்ரீகங்காநகர் நிலங்களுக்குக் கொண்டுவந்தது. பஞ்சாபில் சட்லெஜ், பியாஸ் ஆறுகள் கூடும் ஹரிகே அணையிலிருந்து புறப்படும் இந்திரா காந்தி கால்வாய்க்கு 1958ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பட்டது. ராஜஸ்தான் கால்வாய் என்று அறியப்பட்டிருந்த இது, 1984ஆம் ஆண்டு தற்போதைய பெயரைப் பெற்றது.

எனவே இப்பகுதியின் கோதுமைக்கு உண்மையில் உதவும் மழை, அந்த வயல்களின் மீது பெய்வதில்லை. பல நூறு கிலோமீட்டர் தொலைவில், இமாச்சலப் பிரதேச மலைகளில் பெய்யும் பருவமழையும், உருகும் பனியும் பக்ரா, பாங் அணைகளில் சேர்ந்து, பின்னர் கால்வாய் வழியே பாலைவனத்தை வந்தடைகின்றன. மலைப்பகுதியில் மழை பொய்த்த ஆண்டில், ராஜஸ்தானின் கடைமடை விவசாயிக்குக் கிடைக்கும் தண்ணீர் முறைகள் குறைகின்றன.

கால்வாய் நீர் 'வாராபந்தி' எனப்படும் முறைப்பாசனத்தின் அடிப்படையில் பகிர்ந்தளிக்கப்படுகிறது. ஒவ்வொரு விவசாயிக்கும் அவரது நிலப்பரப்புக்கு ஏற்ப, குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரம் மட்டுமே தண்ணீர் கிடைக்கும். அந்த நேரம் நள்ளிரவிலும் அமையலாம். வெப்பம் திங்கட்கிழமை உயர்ந்து, தண்ணீர் முறை சனிக்கிழமையன்று வருமானால், இடைப்பட்ட நாட்களில் பயிர் தாக்குப்பிடிக்க வேண்டியதுதான். இதைச் சமாளிக்கவே, கால்வாய் நீரைச் சேமித்து வைக்கும் 'டிக்கி' எனப்படும் பண்ணைக் குட்டைகளை விவசாயிகள் வெட்டி வைத்து, அவற்றிலிருந்து தெளிப்பு நீர் பாசனம் செய்கின்றனர்.

தண்ணீர் மிகுந்தாலும் தீங்கு உண்டு. ஹனுமன்கர் உள்ளிட்ட பகுதிகளில் கால்வாய் நீர் கசிந்து நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்ததால், நிலங்கள் நீர் தேங்கி உவராக மாறும் 'சேம்' என்ற சிக்கல் உருவாகியுள்ளது.

எந்த நாளில் நனைய வேண்டும்?

கோதுமைக்குத் தண்ணீரின் மொத்த அளவைப் போலவே, அது கிடைக்கும் காலமும் முக்கியம். விதைப்புக்கு முன்னர் 'பலேவா' எனப்படும் பாசனத்தால் மண் ஈரப்படுத்தப்படுகிறது. விதைத்த 20 முதல் 25 நாட்களில், தண்டின் அடியிலிருந்து புதிய வேர்கள் கிளம்பும். அப்போது தரப்படும் முதல் பாசனம் தவறினால், தூர்களும் வேர்களும் சரிவர அமையாது. அதன் பின்னர் தூர் கட்டுதல், தண்டு நீளுதல், பூத்தல், பால் பிடித்தல், மணி முற்றுதல் ஆகிய பருவங்களில் தண்ணீர் தேவைப்படுகிறது. குறைந்த அளவு நீர் மட்டுமே உள்ள இடங்களில், புதிய வேர்கள் விடும் பருவத்திற்கும் பூக்கும் பருவத்திற்கும் முன்னுரிமை தருமாறு வேளாண் வல்லுநர்கள் அறிவுறுத்துகின்றனர்.

'மாவட்' எனும் குளிர்கால மழை

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பெய்யும் லேசான மழையை ராஜஸ்தான் விவசாயிகள் 'மாவட்' என்று அழைக்கின்றனர். மத்தியத் தரைக்கடல் பகுதியில் உருவாகி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக வரும் 'மேற்கத்திய இடையூறு' எனப்படும் வானிலை அமைப்புகள் இந்த மழையைத் தருகின்றன. அளவில் சிறியதாயினும், ரபி பயிர்களுக்கு இதன் மதிப்பு பெரிது.

ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 10 ஆயிரம் லிட்டர் நீர் கிடைக்கும். அவ்வகையில், 20 மில்லிமீட்டர் மாவட் மழை ஹெக்டேருக்கு 2 லட்சம் லிட்டர் நீரை, மின்சாரமோ டீசலோ செலவின்றி வழங்குகிறது. நிலத்தைக் குளிர்வித்து, இலைகளின் மீது படிந்த தூசியையும் கழுவுகிறது. மழைக்குப் பிறகு மேலுரமாக யூரியா இடுவதற்கும் அந்த ஈரம் உதவுகிறது.

மேற்கத்திய இடையூறுகள் பலவீனமடைந்து வானம் தெளிவாக இருக்கும் குளிர்காலத்தில் இரு ஆபத்துகள் உள்ளன. இரவில் நிலத்தின் வெப்பம் தடையின்றி வெளியேறுவதால் 'பாலா' எனப்படும் உறைபனி படிகிறது. கடுகு, கொண்டைக்கடலை ஆகியவற்றைவிடக் கோதுமை இதைத் தாங்கும் என்றாலும், கதிர்விடும் நேரத்தில் பனி உறைந்தால் பூக்கள் மலடாகக் கூடும். மறுபுறம், பிப்ரவரியில் மேகமோ மழையோ இல்லாத பகல்கள் விரைவாகச் சூடேறுகின்றன.

அதே மழை அளவு மீறினாலும் தொல்லைதான். குளிர்ந்த, ஈரமான வானிலை நீடிக்கும்போது மஞ்சள் துரு நோய் பரவுவதற்கு ஏற்ற சூழல் உருவாகிறது.

அறுவடை நேரத்து மழை

ஜனவரியில் வரமாக வரும் மழை, மார்ச் இறுதியில் வந்தால் சேதமாக முடிகிறது. கதிர் கனத்து நிற்கும் நிலையில் பலத்த காற்றுடன் மழை பெய்தால் பயிர் சாய்ந்துவிடும். ஆலங்கட்டி மழை கதிர்களை உடைத்து மணிகளை உதிர்க்கும். அறுத்துப் பரப்பிய பயிர் நனைந்தால் மணியின் பளபளப்பு மறைந்து, தொடர்ந்து ஈரமாக இருந்தால் கதிரிலேயே முளைத்தும் விடும்.

2023ஆம் ஆண்டு இதற்கு எடுத்துக்காட்டாக அமைந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் நாட்டின் சராசரி அதிகபட்ச வெப்பநிலை 29.54 டிகிரி செல்சியஸைத் தொட்டு, 1901ஆம் ஆண்டுக்குப் பிந்தைய பிப்ரவரி மாதங்களில் உச்சத்தை எட்டியது. கோதுமைக்கு ஏற்படும் பாதிப்பைக் கண்காணிக்க மத்திய அரசு குழு அமைத்தது. ஆனால் மார்ச் மாதத்தில் நிலைமை தலைகீழானது. வெப்பம் தணிந்து, பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் பருவம் தவறிய மழையும் ஆலங்கட்டி மழையும் பெய்தன. வெயிலுக்கு அஞ்சிய விவசாயிகள், சில வாரங்களிலேயே சாய்ந்த பயிரை நிமிர்த்த வழியின்றி நின்றனர். கொள்முதலுக்கான தர விதிகளை அரசு மீண்டும் தளர்த்தியது.

வெப்பம் எல்லா ஆண்டுகளிலும் ஒரே விளைவைத் தருவதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. சராசரி வெப்பநிலையின் அடிப்படையில் 2025 பிப்ரவரி, 1901ஆம் ஆண்டுக்குப் பிந்தைய மிக வெப்பமான பிப்ரவரியாகப் பதிவானது. எனினும் 2024-25 பருவத்தின் கோதுமை உற்பத்தி 1,170 லட்சம் டன்னைக் கடந்து சாதனை அளவை எட்டியதாக அரசின் மதிப்பீடுகள் தெரிவித்தன. பயிரின் பருவம், வெப்பம் நீடிக்கும் நாட்கள், பயிரிடப்பட்ட பரப்பு, விதைத்த ரகம் ஆகியவை அனைத்தும் சேர்ந்தே இறுதி விளைச்சலை முடிவு செய்கின்றன.

விவசாயிகள் என்ன செய்ய முடியும்?

வானிலையை மாற்ற இயலாவிட்டாலும், பயிரின் நாட்காட்டியை ஓரளவு மாற்ற முடியும். நவம்பர் முற்பாதியில் விதைத்தால், வெப்பம் உச்சமடைவதற்கு முன்னரே மணி திரண்டுவிடும். ஆனால் ஸ்ரீகங்காநகர், ஹனுமன்கர் பகுதிகளில் பருத்திக்குப் பிறகே பலர் கோதுமை விதைக்கின்றனர். பருத்தியின் கடைசிப் பறிப்பு தாமதமானால், கோதுமை விதைப்பு டிசம்பருக்குத் தள்ளிப்போகும். அப்போது மணி திரளும் பருவமும் மார்ச் இறுதி வெயிலில் சிக்கிக்கொள்ளும். சில குவிண்டால் பருத்தியைக் கூடுதலாகப் பறிப்பதா, கோதுமையை உரிய காலத்தில் விதைப்பதா என்ற முடிவை ஒவ்வோர் ஆண்டும் அவர்கள் எடுக்க வேண்டியுள்ளது.

ரகத் தேர்வும் முக்கியப் பங்கு வகிக்கிறது. கர்னாலில் உள்ள இந்திய கோதுமை மற்றும் பார்லி ஆராய்ச்சி நிறுவனம் டிபிடபிள்யூ 187, டிபிடபிள்யூ 222, டிபிடபிள்யூ 303 உள்ளிட்ட ரகங்களை உருவாக்கியுள்ளது. முன்கூட்டியே விதைத்து வெப்பத்திலிருந்து தப்பும் நோக்கில், இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் எச்டி 3385 ரகத்தை உருவாக்கியுள்ளது. தாமதமாக விதைப்பவர்களுக்கு, வெப்பத்தைத் தாங்கும் ராஜ் 3765 போன்ற ராஜஸ்தான் ரகங்கள் உள்ளன. பாலி மாவட்டத்தின் உவர் நிலங்களில் தலைமுறைகளாக விளைந்த 'கார்ச்சியா' கோதுமை, உப்பைத் தாங்கும் பண்புக்காக உலக ஆய்வாளர்களால் பயன்படுத்தப்படுகிறது. 2023-24 பருவத்தில் மொத்தக் கோதுமைப் பரப்பில் 60 விழுக்காட்டில் பருவநிலையைத் தாங்கும் ரகங்களைப் பயிரிட மத்திய அரசு இலக்கு நிர்ணயித்தது.

மணி திரளும் நேரத்தில் வெப்பம் திடீரென உயர்ந்தால், லேசான பாசனம் வயலின் வெப்பத்தைத் தணிக்கும். தெளிப்பு நீர் வசதி உள்ளவர்கள் நண்பகலில் சுமார் அரை மணி நேரம் நீர் தெளிக்கலாம் என்றும், 0.2 விழுக்காடு மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் கரைசலைப் பயிரின் மீது தெளிக்கலாம் என்றும் கர்னால் நிறுவனம் பரிந்துரைத்துள்ளது. பலத்த காற்று வீசும்போது பாசனம் செய்தால் மண் இளகிப் பயிர் சாய்ந்துவிடும் என்பதால், அந்நேரத்தில் தண்ணீர் பாய்ச்சுவதைத் தவிர்ப்பது நல்லது.

கால்வாய் இல்லாத இடங்களுக்குப் பழைய அனுபவமும் வழிகாட்டுகிறது. ஜெய்சல்மேர் பகுதியில் பாலிவால் சமூகத்தினர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே 'கடீன்' என்ற முறையை உருவாக்கினர். பாறை நிலத்தில் பெய்யும் மழைநீர் வழிந்தோடி வரும் தாழ்வான பகுதியில் நீண்ட மண்கரை எழுப்பி, நீரைத் தேக்குவர். தேங்கிய நீர் மண்ணுக்குள் இறங்கிய பின், அந்த ஈரத்தை மட்டுமே நம்பிக் கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைக்கப்படும். 200 மில்லிமீட்டருக்கும் குறைவான மழை பெறும் நிலத்தில் கோதுமை விளைவித்த இம்முறை இன்றும் சில இடங்களில் நடைமுறையில் உள்ளது.

பயிர்க் காப்பீட்டில் கவனிக்க வேண்டியவை

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ், ரபி உணவு தானியப் பயிர்களுக்குக் காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 1.5 விழுக்காட்டை மட்டும் விவசாயி பிரீமியமாகச் செலுத்தினால் போதும். ஆலங்கட்டி மழை போன்ற உள்ளூர்ச் சேதங்களை 72 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும். அறுவடை செய்து வயலில் உலர்த்துவதற்காகப் பரப்பிய பயிர், பருவம் தவறிய மழையால் சேதமடைந்தால், அறுவடை நாளிலிருந்து 14 நாட்கள் வரை இழப்பீடு கோர இடமுண்டு.

எனினும், வெப்பத்தால் மணி சுருங்கும் இழப்பை ஆலங்கட்டிச் சேதத்தைப் போல எளிதில் காட்ட முடிவதில்லை. அதற்கான இழப்பீடு, ஒரு குறிப்பிட்ட பகுதியின் சராசரி மகசூல், பயிர் அறுவடைச் சோதனைகளில் வரம்புக்குக் கீழே இறங்கியதா என்பதைப் பொறுத்தே அமைகிறது. அண்டை வயல்கள் முன்கூட்டியே விதைக்கப்பட்டுத் தப்பித்திருந்தால், தாமதமாக விதைத்த ஒருவரின் இழப்பு அந்தச் சராசரியில் மறைந்துவிடக் கூடும். விதைக்கும் நாளைத் தேர்ந்தெடுப்பதே கோதுமை விவசாயியின் முதல் காப்பீடு என வேளாண் துறையினர் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.